எந்தக் கயவாகு? ஒரு பெயரின்மேல் எழுந்த காலக்கணக்கு

1. கேள்வி

சங்க இலக்கியத்தின் காலத்தைக் கணிக்க நூறாண்டுக்கும் மேலாகப் பயன்பட்டுவரும் சான்றுகளில் ஒன்று, சிலப்பதிகாரத்தில் வரும் ஓர் அரசன் பெயர். வஞ்சியில் சேரன் செங்குட்டுவன் பத்தினிக் கடவுளான கண்ணகியை வழிபட்டபோது அங்கே இருந்த வேந்தர்களில் ஒருவனாக இலங்கைக் கயவாகுவை வரந்தரு காதை சொல்கிறது. நூலின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரையும் அவனைக் குறிப்பிடுகிறது. பத்தினிக்குத் தன் நாட்டில் கோயில் எடுத்து விழாக் கண்டதனால் மழை பொய்க்காமல் விளைவு பெருகியது என்பது அதன் செய்தி. அவ்வளவுதான் சான்று. நூல் முழுவதிலும் கயவாகு தனித்துப் பேசுவதில்லை, போரிடுவதில்லை, வேறு எச்செயலும் செய்வதில்லை.

இலங்கை அரசர் வரிசையில் கஜபாகு என்ற பெயருடையவர்கள் இருவர். முதலாமவன் அனுராதபுரத்தில் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆண்டவன். இரண்டாமவன் பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டில் ஆண்டவன். இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. இவர்களில் எவன் கயவாகு என்று முடிவு செய்துவிட்டால் செங்குட்டுவன் காலம் தெரியும். செங்குட்டுவனைப் பாடியவர் சங்கப் புலவர் பரணர் என்பதால் பரணர் காலம் தெரியும். பரணர் வழியே அவரோடு பாடிய, அவர் பாடிய பலருடைய காலமும் தெரியும். ஆய்வாளர்கள் இந்த வழியைத்தான் கஜபாகு ஒத்தகாலம் என்கிறார்கள். ஒரே பெயர் இரு நூல்களில் காணப்படுவது எந்த அளவுக்குச் சான்றாகும், எந்த இடத்தில் அந்தச் சான்று நின்றுவிடுகிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

2. ஒத்தகாலம் உருவான விதம்

உ. வே. சாமிநாதையர் பதிப்பில் சிலப்பதிகாரம் 1892இல் வெளிவந்தது. வி. கனகசபைப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய, ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழரைப் பற்றிய நூல் 1904இல் வந்தது. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தமிழின் தொன்மையைப் பற்றிய பேச்சே மாறிவிட்டது. அதுவரை புராணக் கணக்கில் கிடந்த மூவேந்தரை ஆண்டு எண்ணோடு பேச முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. நம்பிக்கைக்குப் பிடிமானம் தந்தவன் கயவாகு.

கனகசபையின் வாதம் ஒரு கழித்தல் கணக்கு. இலங்கை வரலாற்று நூலான மகாவம்சமும் அதன் தொடர்ச்சியான சூளவம்சமும் கஜபாகு என்று இருவரை மட்டுமே சொல்கின்றன. 12ஆம் நூற்றாண்டு அரசனைச் சிலப்பதிகாரம் குறிப்பிட்டிருக்க முடியாது. ஆகவே முதலாமவனே கயவாகு. ஆகவே செங்குட்டுவன் 2ஆம் நூற்றாண்டினன். பின்னால் வந்த வரலாற்றாசிரியர்களில் பலர் இதை ஏற்றுக்கொண்டார்கள். சிலப்பதிகாரத்தை 1939இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வி. ரா. இராமச்சந்திர தீட்சிதரும் நூலின் காலம் 2ஆம் நூற்றாண்டே என்ற பக்கம் நின்றார்.

எதிர்ப்பும் உடனிருந்தது. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, மதுரை எரியுண்ட நாளைப் பற்றி நூலிலேயே வரும் ஆடித் திங்கள், தேய்பிறை அட்டமி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை என்ற குறிப்பைப் பஞ்சாங்கக் கணிதத்தில் இட்டுப் பார்த்து, கி.பி. 756ஆம் ஆண்டைச் சொன்னார். எஸ். வையாபுரிப் பிள்ளை மொழியமைப்பையும் சொல்லாட்சியையும் காட்டி நூலைப் பல நூற்றாண்டு கீழே கொண்டுவந்தார். அவர் மீது எழுந்த கோபம் இன்றும் தணியவில்லை. ஆனால் அவருடைய முடிவை மறுத்தவர்களில் பலர் அவர் எழுப்பிய கேள்விக்கு விடை சொல்லாமல், கயவாகு இருக்கிறானே என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள்.

3. இரண்டாம் கயவாகு

இரண்டாம் கஜபாகுவை விலக்குவதில் தவறில்லை. அவன் ஆண்டது ஏறத்தாழ 1131 முதல் 1153 வரை. அவனுக்குப் பின் பொலன்னறுவை முதலாம் பராக்கிரமபாகு கைக்கு வந்தது. அதற்கு முன்பே எழுந்த யாப்பருங்கல விருத்தி சிலப்பதிகாரத்தை மேற்கோள் காட்டிவிடுகிறது. ஆகையால் நூலில் அவனுக்கு இடமில்லை.

ஆனால் தமிழர் நினைவில் கயவாகு என்ற பெயரை உயிரோடு வைத்திருந்ததில் இந்த இரண்டாமவனுக்கும் பங்குண்டு. அவன் வேற்றுநாட்டிலிருந்து வேற்றுச் சமயத்துப் பெருமக்களைக் கொண்டுவந்து நாட்டை நிரப்பினான் என்று சூளவம்சம் கசப்போடு எழுதுகிறது. அவன் கந்தளாயில் தங்கியிருந்ததையும் சொல்கிறது. கோணேசர் கல்வெட்டு (பெயர்தான் கல்வெட்டு, அது ஏட்டில் வந்த செய்யுளும் உரைநடையும் கலந்த நூல்) திருகோணமலைக் கோயிலோடு கயவாகு என்ற அரசனைத் தொடர்புபடுத்துகிறது. அவன் இரண்டாமவனே என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. கிழக்கிலங்கையில் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு கயவாகுவைச் சேர்த்துப் பேசுபவர்கள் நினைப்பது முதலாமவனை. கோணேசர் கோயிலோடு சேர்த்துப் பேசுபவர்கள் நினைப்பது, தெரிந்தோ தெரியாமலோ, இரண்டாமவனாக இருக்கலாம். வாய்வழி மரபுக்கு இலக்கம் போடும் வழக்கம் கிடையாது. அரசர்களுக்கு முதலாம், இரண்டாம் என்று எண்ணிட்டவர்கள் நவீன வரலாற்றாசிரியர்கள்தாம்.

4. முதலாமவனைப் பற்றி அவன் நாட்டுச் சான்று

ஒத்தகாலக் கொள்கை பொதுவாகத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்தே ஆராயப்படுகிறது. இலங்கைப் பக்கத்திலிருந்து பார்த்தால் படம் வேறு.

கஜபாகு காமணி 22 ஆண்டு ஆண்டதாக மகாவம்சம் சொல்கிறது. தாயின் விருப்பப்படி விகாரை கட்டினான், அபயகிரியின் தூபியைப் பெரிதாக்கினான், அந்த விகாரைக்காகக் குளம் வெட்டினான். இவையே அது தரும் செய்திகள். கடல் கடந்த பயணமில்லை, சேரனில்லை, பத்தினியில்லை. அவன் ஆட்சியாண்டுகளை 114–136 என்று கொள்வோரும் 171–193 என்று கொள்வோரும் உண்டு. புத்தர் பரிநிர்வாண ஆண்டை எங்கே வைப்பது என்ற சிக்கலிலிருந்து பிறந்த வேறுபாடு இது. அதாவது சங்ககாலத்தைக் கட்டி நிறுத்தப் பயன்பட்ட நங்கூரமே அறுபது ஆண்டு அளவு நகரக்கூடியது.

கல்வெட்டுகள் இன்னொரு பாடம் தருகின்றன. இலங்கையின் தென்கரையில் அம்பாந்தோட்டைக்கு அருகே கொடவாயவில் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. கோடபவத என்ற துறைமுகத்தின் சுங்க வருவாயை அங்குள்ள விகாரைக்கு அரசன் கொடுத்த செய்தி அதில் உள்ளது. இலங்கைக்கும் கடல் வாணிகத்துக்கும் உள்ள தொடர்புக்கு அருமையான சான்று. ஆனால் கொடுத்த அரசனின் பெயர் அதில் காமணி அபய என்றே இருக்கிறது. அவன் முதலாம் கஜபாகு என்பது எழுத்தமைதியையும் பிற கல்வெட்டுகளையும் ஒப்பிட்டு ஆய்வாளர் கண்ட முடிவு. ஏனெனில் எல்லாளனை வென்ற துட்டகாமணியும் அபயன்தான். வலகம்பா என்று சிங்கள மக்கள் அழைக்கும் வட்டகாமணியும் அபயன்தான். பெயர் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பாறை மூன்று அரசர்களில் யாருக்கும் போயிருக்கும்.

கஜபாகு சோழநாட்டுக்குச் சென்ற கதை சிங்கள நூல்களில் பிற்காலத்தில்தான் தலைகாட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டுப் பூஜாவலியவும் 17ஆம் நூற்றாண்டையொட்டிய ராஜாவலியவும் அதைச் சொல்கின்றன. முந்தைய ஆட்சியில் சோழன் 12,000 பேரைச் சிறைபிடித்துச் சென்றான். கஜபாகு நீலன் என்ற வீரனோடு போய், இரும்புத் தண்டால் கடலை அடித்துப் பிளந்து, அந்த 12,000 பேரையும் அவர்களோடு இன்னொரு 12,000 சோழநாட்டாரையும் கொண்டுவந்தான். ராஜாவலியவில் பத்தினியின் சிலம்பும் அவனோடு இலங்கைக்கு வருகிறது. சேரன் இக்கதையில் இல்லை. வஞ்சி விழாவும் இல்லை. சிலப்பதிகாரத்தில் அவன் விருந்தினன்; இங்கே படையெடுத்து வந்தவன்.

மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1970இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கதையை நடந்த நிகழ்ச்சியாகக் கொள்ளாமல், தென்னிந்தியாவிலிருந்து வந்து சிங்களச் சமூகத்தில் கலந்த குடிகளின் வருகையை விளக்கும் தொன்மமாகப் படித்தார். பத்தினி வழிபாட்டுச் சடங்குகளில் கஜபாகு வகிக்கும் இடத்தை நேரில் கண்டு எழுதியவர் அவர். அவருடைய வாதம் எனக்குப் பெரிதும் ஏற்புடையது. ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். பிற்காலத் தொன்மம் ஒன்று உருவானதால் மட்டும் முற்காலத்தில் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை என்று ஆகிவிடாது. மகாவம்சத்தின் மௌனத்துக்கும் இதே அளவுகோல்தான். தேரர்கள் விகாரைகளுக்காக எழுதிய நூல் அது. பத்தினிக்கு ஒரு கோயில் எழுந்திருந்தாலும் அதை அவர்கள் பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. மௌனம் இரு பக்கத்துக்கும் உதவாது.

இதற்கிடையே பெயர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. 1983இல் உருவான இலங்கைத் தரைப்படையின் கஜபா படையணி முதலாம் கஜபாகுவின் பெயரைத் தாங்குகிறது. அந்தப் படையணிக்கு வேண்டியிருந்தவன் கடலைப் பிளந்த கஜபாகு. வஞ்சியில் கைகூப்பி நின்ற கயவாகுவை அங்கே யாருக்கும் தேவையில்லை.

5. அடைமொழி என்னும் கருவி

ஒரே பெயருடைய பலரை எப்படிப் பிரித்தறிவது என்ற சிக்கல் நமக்குப் புதிதாக வந்ததன்று. எட்டுத்தொகையைத் தொகுத்தவர்கள் அதை நன்றாக அறிந்திருந்தார்கள். புறநானூற்றின் அடிக்குறிப்புகளைப் படித்தால் அவர்கள் எடுத்துக்கொண்ட கவனம் தெரியும். பெருநற்கிள்ளி என்று மட்டும் அவர்கள் விடுவதில்லை. இராசசூயம் வேட்டவன் ஒருவன், முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி ஒருவன், போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஒருவன். நெடுஞ்செழியர்களில் ஆரியப்படை கடந்தவன் வேறு, தலையாலங்கானத்துச் செருவென்றவன் வேறு. புலவர்களுக்கும் ஊரும் தொழிலும் தந்தை பெயரும் உறுப்பின் அடையாளமும் சேர்த்தே பெயர் எழுதினார்கள்.

சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை இந்தக் கவனத்தைக் காட்டவில்லை. கயவாகுவுக்கு அடுத்து அது உறையூரில் பத்தினிக்குக் கோயில் எடுத்த சோழனைச் சொல்கிறது. அவன் பெயர் பெருங்கிள்ளி. எந்தக் கிள்ளி? தொகை நூல்களில் இருக்கும் கிள்ளிகளில் எவனோடும் அவனைச் சேர்க்கலாம், எவனோடும் சேர்க்காமலும் விடலாம். கயவாகுவுக்கு நாட்டின் பெயர் துணையாக நின்றதால் தேடல் இருவரோடு முடிந்தது. சோழனுக்கு அந்த வசதி இல்லை. ஒரே பத்தியில் வரும் இரு பெயர்களில் ஒன்றை உறுதியான சான்றாகவும் மற்றொன்றைப் பொதுப்பெயராகவும் நாம் நடத்துவது, அவற்றின் தரத்தால் அன்று. நமக்குத் தேவையானது எது என்பதால்.

வடபுலத்தில் செங்குட்டுவனுக்கு உதவிய நூற்றுவர் கன்னர் கதையும் இப்படித்தான். அவர்களைச் சாதவாகன மரபின் சாதகர்ணி என்று கொண்டனர். சாதகர்ணி என்ற பெயர் அந்த மரபில் ஒருவனுக்கு மட்டும் உரியதாக இருந்தால் பயன் உண்டு. கௌதமிபுத்திரனும் சாதகர்ணி, யக்ஞனும் சாதகர்ணி, அவர்களுக்கு முன்னும் சாதகர்ணிகள். எந்த நூற்றாண்டு வேண்டுமோ அதற்கேற்ற ஒருவர் கிடைப்பார்.

சாத்தனார் விஷயம் இன்னும் நுட்பமானது. சிலப்பதிகாரப் பதிகம் தண்டமிழ்ச் சாத்தனை நூலாசிரியர் இளங்கோவடிகளோடு உட்கார வைக்கிறது. மணிமேகலையின் ஆசிரியர் கூலவாணிகன் சாத்தனார். சங்கத் தொகைகளில் சீத்தலைச் சாத்தனார் என்ற புலவர் இருக்கிறார். மூவரும் ஒருவர் என்றால் இரட்டைக் காப்பியங்கள் சங்ககாலத்துக்குள் வந்துவிடும். ஆனால் மணிமேகலையின் தருக்கப் பகுதி, திக்நாகர் மரபுத் தருக்க நூல்களோடு நெருங்கிய ஒற்றுமை உடையது. திக்நாகர் 5ஆம், 6ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர். எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் அந்தத் தருக்கம் திக்நாகருக்கு முற்பட்டது என்று காட்ட முயன்றார். அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை.

சாத்தன் என்பது எவ்வளவு பரவலான பெயர் என்பதை அறிய எகிப்து வரை போகலாம். செங்கடல் கரையில் குசைர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. ஒன்றில் கணன், மற்றொன்றில் சாதன். கண்ணனும் சாத்தனும்தாம் அவர்கள். கி.பி. முதல் நூற்றாண்டையொட்டி அங்கே தன் பானையில் பெயர் கீறி வைத்த அந்தச் சாத்தனும் வணிகனாகவே இருந்திருக்கக்கூடும். பெயரும் தொழிலும் ஒத்துப்போகின்றன என்பதற்காக அவனை மணிமேகலை ஆசிரியர் என்று யாரும் சொல்லவில்லை. சீத்தலைச் சாத்தனாரைச் சொன்னவர்கள் கையில் இருந்த சான்று இதைவிடக் கொஞ்சம்தான் கனமானது.

6. கனமான ஒரு சான்று, அதிலும் ஒரு முடிச்சு

பெயரொற்றுமையைச் சான்றாகவே ஏற்கக்கூடாது என்பது என் கருத்தன்று. எப்போது ஏற்கலாம் என்பதற்கு நம் கையிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. கரூருக்கு அருகே புகலூர் ஆறுநாட்டார் மலையில் சமண முனிவர் படுக்கைகளுக்கு மேல் தமிழ் பிராமிக் கல்வெட்டு உண்டு. யாற்றூர்ச் செங்காயபன் என்ற முனிவருக்கு உறையுள் அமைத்துத் தந்ததைச் சொல்வது அது. தந்தவன் இளங்கடுங்கோ. அவன் பெருங்கடுங்கோனின் மகன். பெருங்கடுங்கோன், கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன். இளவரசுப் பட்டம் பெற்றபோது செய்த அறம் இது.

பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் தலைவர்கள் செல்வக் கடுங்கோ வாழியாதன், பெருஞ்சேரல் இரும்பொறை, இளஞ்சேரல் இரும்பொறை. ஐராவதம் மகாதேவன் இந்த வரிசையையும் கல்வெட்டு வரிசையையும் ஒப்பிட்டு, கல்வெட்டை கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வைத்தார். இங்கே ஒத்துப்போவது ஒரு பெயரன்று. மூன்று பெயர்கள், ஒரே வரிசையில், ஒரே மரபில், அந்த மரபு ஆண்ட இடத்திலேயே, சமகாலத்தவன் வெட்டிய கல்லில். கரூரை ஒட்டி ஆற்றுப் படுகையில் கிடைத்த மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்புறை பெயர்கொண்ட காசுகளும் அவ்வட்டாரத்தில் சேரர் ஆட்சியை உறுதி செய்கின்றன.

ஆனாலும் ஒரு முடிச்சு விழுகிறது. ஒன்பதாம் பத்தின் பதிகம், இளஞ்சேரல் இரும்பொறையைக் குட்டுவன் இரும்பொறையின் மகன் என்கிறது. பெருஞ்சேரல் இரும்பொறையின் மகன் என்று சொல்லவில்லை. கல்வெட்டின் இளங்கடுங்கோவோ பெருங்கடுங்கோனின் மகன். பதிகம் தவறியிருக்கலாம். குட்டுவன் இரும்பொறை என்பது தந்தையின் இன்னொரு பெயராக இருக்கலாம். அல்லது கல்லில் இருப்பவர்களும் பாட்டில் இருப்பவர்களும் ஒரே குடியின் வெவ்வேறு தலைமுறையினராகவும் இருக்கலாம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நாட்டில் அது வியப்பில்லை. இந்த முடிச்சைப் பேசாமல் கடந்துபோகும் கட்டுரைகள் அதிகம். மூன்று பெயர்கள் ஒத்தும் இவ்வளவு எச்சரிக்கை தேவைப்படுகிறதென்றால், தனியாக நிற்கும் கயவாகு எவ்வளவு பாரத்தைத் தாங்குவான்?

மதுரைக்கு அருகே மாங்குளம் கல்வெட்டில் வரும் நெடுஞ்செழியன் இதே எச்சரிக்கையை எதிர்த்திசையில் கற்றுத்தருகிறான். கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று மகாதேவன் கணித்த அக்கல்வெட்டின் பாண்டியனை, கோவலன் கதையின் பாண்டியனோடு சேர்க்கத் துடித்தவர்கள் உண்டு. மகாதேவனோ அவனைப் பாட்டுகளில் வரும் இரு நெடுஞ்செழியர்களுக்கும் முற்பட்ட ஒருவனாகப் பிரித்தே வைத்தார். தரவு இடங்கொடுக்காத இடத்தில் பிரித்து வைப்பது, சேர்த்து வைப்பதைவிடக் கடினமான வேலை. கதை கிடைக்காது, பாராட்டும் கிடைக்காது.

7. பெயர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

கனகசபையின் கழித்தல் கணக்கை மறுபடி பார்ப்போம். சிலப்பதிகாரம் குறிப்பிடும் கயவாகு, முதலாம் கஜபாகுவே என்ற அவர் முடிவை நான் ஏற்கிறேன். வேறு ஆள் இல்லை. ஆனால் அதிலிருந்து நூலின் காலத்துக்குத் தாவும் அடுத்த படி வழுக்குகிறது. ஒரு காப்பியப் புலவர் தமக்கு முந்திய, பெயர்பெற்ற அரசன் ஒருவனைத் தம் கதையின் விழாவில் கொண்டுவந்து நிறுத்த எந்தத் தடையும் இல்லை. வரந்தரு காதையின் அந்த விழாவில் குடகக் கொங்கரும் மாளுவ வேந்தரும் சிறை மீண்ட ஆரிய மன்னரும் கூடியிருக்கிறார்கள். ஒரு பேரரசனின் புகழை நிறைவாக்க நாற்றிசை வேந்தரையும் அழைப்பது காப்பிய மரபு. அழைப்புப் பட்டியலில் தெற்கே கடலுக்கப்பால் ஓர் அரசன் தேவைப்பட்டான். பெயர் ஆளைச் சுட்டுகிறது. ஆள் வாழ்ந்த காலமும் அவனைப் பாடியவர் வாழ்ந்த காலமும் ஒன்றே என்று அது சொல்லவில்லை.

இனிச் செங்குட்டுவன். அவனைப் பாடிய பரணரின் பத்துப் பாட்டுகளில், பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில், கடற்போர் இருக்கிறது. மோகூர்ப் பழையனை வென்றது இருக்கிறது. கண்ணகி இல்லை, இமயத்துக் கல் இல்லை, துறவியான தம்பி இளங்கோ இல்லை. இளங்கோ என்ற புலவர் பெயரும் தொகை நூல்களில் இல்லை. பத்தினிக்காகக் கல்லெடுத்த செய்தி அப்பத்தின் இறுதியில் உள்ள பதிகத்தில்தான் வருகிறது. பதிகங்கள் பாட்டுகளுக்குப் பிற்பட்டவை என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஒத்தகாலக் கொள்கை வீழ்ந்தால் சங்ககாலமே சரிந்துவிடும் என்ற அச்சம் 1904இல் நியாயமானது. இன்று அப்படியில்லை. முசிறித் துறைமுகத்தையும் சேர அரசையும் பேசும் மேலைநாட்டுப் பழநூல்கள், பிளினியுடையதும் பெரிப்புளுசும், இருக்கின்றன. கரூர், கொடுமணல், பட்டணம் அகழாய்வுகள் இருக்கின்றன. புகலூர்க் கல்வெட்டு அதன் முடிச்சோடு சேர்ந்தே இருக்கிறது. இவை எதற்கும் கயவாகுவின் துணை வேண்டாம். சங்கப் பாட்டுகளின் காலத்தைச் சிலப்பதிகாரத்தின் காலத்தோடு பிணைத்திருந்த கயிறுதான் அவிழ்கிறது. அதனால் நட்டம் சிலப்பதிகாரத்துக்குமில்லை. வரலாற்று ஆவணமாகச் சாட்சிக் கூண்டில் நிறுத்தப்பட்டுக் களைத்த நூல் அது.

எஞ்சுவது ஐந்தாம் பத்தின் பதிகம். அதை எழுதியவர் சிலப்பதிகாரத்தைப் படித்துவிட்டு எழுதினாரா, அல்லது சிலப்பதிகாரம் எழுவதற்கு முன்பே சேரநாட்டில் வழங்கிய பத்தினிக் கதை ஒன்றைக் கேட்டு எழுதினாரா? முதலாவது என்றால் செங்குட்டுவனைக் கண்ணகியோடு இணைத்தது காப்பியப் புலவரின் படைப்பு. இரண்டாவது என்றால் அந்த இணைப்புக்குப் பழைய வேர் ஒன்று உண்டு. கயவாகுவும் அந்த வேரோடு வந்தவனாக இருக்க இடமுண்டு. பதிகத்தின் மொழியைப் பதிற்றுப்பத்தின் மற்றப் பதிகங்களோடும், சிலப்பதிகாரக் கட்டுரைப் பகுதிகளோடும் சொல் சொல்லாக ஒப்பிட்டுப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. ஒத்தகாலத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், அந்த வேலைக்குச் செலவான பக்கங்கள் மிகக் குறைவு.